குதிரை இல்லாத மார்ட்டின்

புனித மார்ட்டின் என்றதும் எல்லாருக்கும் கண்ணுக்கு வருவது ஒரே படம்தான். வெள்ளைக் குதிரை மேல் ஒரு இளம் ரோமானியப் படைவீரர், கையில் வாள், தோளில் மேலங்கி, கீழே குளிரில் நடுங்கிக்கொண்டு ஒரு பிச்சைக்காரர். வீரர் வாளால் மேலங்கியை இரண்டாக அறுத்து ஒரு பாதியைக் கொடுக்கிறார். சின்ன வயதில் நான் ஜெபப் புத்தகத்துக்குள் பக்கம் மறக்காமல் இருக்க வைத்திருந்தது இந்தப் படம்தான். முனையெல்லாம் மடங்கி, நிறம் வெளுத்து, கடைசியில் குதிரையின் தலை மட்டும்தான் பளிச்சென்று மிச்சம் இருந்தது. எல் கிரேக்கோவின் புகழ்பெற்ற ஓவியத்திலும் அந்த வெள்ளைக் குதிரைதான் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். ரொம்ப வருஷம் கழித்து, மார்ட்டினின் வாழ்க்கையை முதன்முதலில் எழுதிய சுல்பீசியுஸ் செவேருஸின் புத்தகத்தை மொழிபெயர்ப்பில் படித்தேன். அந்த இடம் வந்ததும் முதல் வேலையாகக் குதிரையைத் தேடினேன். இல்லை. அவர் குதிரைப்படைப் பிரிவில் இருந்தவர்தான், அதனால் குதிரை இருந்திருக்கலாம், ஆனால் கதையில் ஒரு வார்த்தை கிடையாது. சவாரியா என்ற ஊரில் பிறந்தவருக்குச் சவாரி இல்லாமல் போய்விட்டதே என்று சிரித்துக்கொண்டேன். (நிஜமாகவே அவர் பிறந்த ஊரின் பெயர் சவாரியா. பன்னோனியா மாகாணம், இன்றைய ஹங்கேரியில் சொம்பாத்தெய்.)

குதிரையைத் தேடப் போய்தான் மீதிப் புத்தகத்தையும் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க எனக்குப் பிடிபட்ட விஷயம் வேறு. இந்த மனுஷர் வாழ்க்கையில் முக்கியமான எந்த இடத்துக்கும் தானாக நடந்து போகவில்லை. யாரோ இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அவர் கேட்டது ஒரு மூலையில் உட்கார்ந்து ஜெபம் செய்ய ஓர் இடம், அவ்வளவுதான்.

எழுதியவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். செவேருஸ் இன்றைய தென்மேற்கு பிரான்சில் இருக்கும் அக்கித்தேனியாவைச் சேர்ந்த வழக்கறிஞர், வசதியான, நன்றாகப் படித்த ஆள். மார்ட்டினைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பார்க்கப் போனார். அப்போது ஆயராக (பிஷப்) இருந்த வயதான மார்ட்டினே வந்து கை கழுவத் தண்ணீர் ஊற்றினார், சாயங்காலம் உட்கார வைத்துக் காலையும் கழுவிவிட்டார். வேண்டாம் என்று மறுக்கக்கூட வாய் வரவில்லை என்று எழுதுகிறார். அதோடு ஆள் விழுந்துவிட்டார். மார்ட்டின் உயிரோடு இருக்கும்போதே புத்தகத்தை எழுதி முடித்துவிட்டார், பிறகு உரையாடல் வடிவில் இன்னொன்றும் எழுதினார். ஆக இது ரசிகர் எழுதிய சரித்திரம். அற்புதங்கள் பக்கத்துக்குப் பக்கம் கொட்டிக் கிடக்கும், செத்தவர் எழுவார், பேய் அலறும். எது நடந்தது எது நடக்கவில்லை என்று நான் பிரிக்கப் போவதில்லை. ஆனால் ரசிகர்கள் பொதுவாக மறைக்கிற சில விஷயங்களை இவர் மறைக்காமல் எழுதிவிட்டார், எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

பிறந்த வருஷமே தகராறு. 316 என்று ஒரு கணக்கு, 336 என்று இன்னொரு கணக்கு. இருபது வருஷ வித்தியாசம் சும்மா இல்லை. செவேருஸ் சொல்கிறபடி போனால் மார்ட்டின் பதினெட்டு வயதில் ஞானஸ்நானம் வாங்கி, அதற்குப் பிறகு இரண்டே வருஷம் படையில் இருந்து வெளியே வந்துவிட்டார். 316 சரி என்றால், அவர் இருபத்தைந்து வருஷம் முழுச் சேவையும் முடித்த பழைய பட்டாளக்காரர். படையில் அவ்வளவு காலம் இருந்தவர் ஆயர் ஆகலாமா என்ற பேச்சு அந்தக் காலத்தில் இருந்தது, அதனால் செவேருஸ் கொஞ்சம் வருஷங்களை விழுங்கிவிட்டார் என்று சந்தேகப்படும் ஆய்வாளர்கள் உண்டு. எனக்கும் அந்தச் சந்தேகம் கொஞ்சம் இருக்கிறது.

அப்பா படையில் தளபதி நிலைக்கு உயர்ந்தவர், பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறவர். குடும்பம் இத்தாலியில் இன்றைய பவியாவுக்கு மாறியது. பையன் பத்து வயதில் வீட்டுக்குத் தெரியாமல் கோயிலுக்கு ஓடி, என்னையும் ஞானஸ்நானத்துக்குத் தயாராகிறவர்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நிற்கிறான். பன்னிரண்டு வயதில் பாலைவனத் துறவியாகப் போக வேண்டும் என்று ஆசை. படைவீரர்களின் பிள்ளைகள் படையில் சேர வேண்டும் என்று அரச ஆணை வந்தது. பதினைந்து வயதுப் பையனை அப்பாவே காட்டிக்கொடுத்தார், விலங்கு மாட்டித்தான் கூட்டிப்போனார்கள். முதல் இழுப்பு இது.

படையில் அவருக்கு ஒரே ஒரு வேலையாள். அவர் ஆயரான பிறகு பெற்ற புகழை எல்லாம் மறந்துவிட்டு இந்த வரியைப் படித்துப் பாருங்கள்: பெரும்பாலும் எஜமானரே வேலையாளின் பூட்ஸைக் கழற்றி, சேறு துடைத்துக் கொடுப்பார், இருவரும் சேர்ந்தே சாப்பிடுவார்கள், பல தடவை பரிமாறுவதும் எஜமானர்தான். அந்த வேலையாள் என்ன நினைத்திருப்பார் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். சங்கடத்தில் நெளிந்திருப்பார், வேறென்ன.

சரி, மேலங்கிக் கதைக்கு வருவோம். இன்றைய பிரான்சில் இருக்கும் ஆமியன் நகர வாசல். அந்த வருஷம் குளிர் வழக்கத்தைவிடக் கடுமை, விறைத்துச் செத்தவர்களே பலர். உடம்பில் துணி இல்லாத ஒருவர் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் கெஞ்சுகிறார், எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். மார்ட்டினிடம் இருந்த மற்றதெல்லாம் ஏற்கெனவே தானமாகப் போய்விட்டது, மிச்சம் இருந்தது உடுத்தியிருந்த மேலங்கிதான். அதை வாளால் அறுத்தார். இதற்குப் பிறகு வருகிற வரியை எந்த ஓவியரும் வரைந்து நான் பார்த்ததில்லை. பாதித் துணியைச் சுற்றிக்கொண்டு நின்ற அவரது கோலத்தைப் பார்த்துச் சுற்றி இருந்தவர்களில் சிலர் சிரித்தார்களாம். சிலருக்கு மட்டும் உள்ளுக்குள் வலித்தது, ஏனென்றால் அவர்களிடம் அதைவிட அதிகம் இருந்தது, தங்கள் துணியைக் கழற்றாமலே கொடுத்திருக்கலாம். அன்று ராத்திரி கனவில் கிறிஸ்து அந்தப் பாதியைப் போர்த்திக்கொண்டு வருகிறார், இன்னும் ஞானஸ்நானம்கூட வாங்காத மார்ட்டின் எனக்குப் போர்த்திவிட்டது இது என்று சம்மனசுகளிடம் (தேவதூதர்களிடம்) சொல்கிறார். அதற்குப் பிறகு ஞானஸ்நானம்.

அந்தத் துணிக்கு வந்த வாழ்வு வேறு கதை. மார்ட்டினுடைய மேலங்கி என்று சொல்லி ஒன்றைப் பிற்காலத்தில் பிராங்க் அரசர்கள் பத்திரப்படுத்திப் போர்க்களத்துக்கும் கொண்டுபோனார்கள். லத்தீனில் சின்ன மேலங்கிக்கு கபெல்லா என்று பெயர். அதை வைத்த இடமும் கபெல்லா ஆனது, காவல் காத்த குருக்கள் கபெல்லானி ஆனார்கள். இன்று நாம் சாப்பல் என்றும் சாப்ளின் என்றும் சொல்வதெல்லாம் அங்கிருந்து கிளம்பி வந்த சொற்கள்தான்.

படையை விட்டு வந்த விதமும் சுவாரஸ்யம். ஜெர்மானியர்கள் எல்லை தாண்டி வந்துவிட்டார்கள், சீசராக, அதாவது இளைய பேரரசராக இருந்த ஜூலியன் இன்றைய வோர்ம்ஸ் நகரத்தில் படையைத் திரட்டி, மறுநாள் சண்டைக்கு முன்னால் வீரர்களுக்குப் போனஸ் கொடுக்கிறார். 356 வாக்கில் நடந்தது. ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிடுகிறார்கள். மார்ட்டின் முறை வந்ததும், இதுவரை உங்களுக்குப் போர் வீரனாக இருந்தேன், இனிமேல் கடவுளுக்கு இருக்க விடுங்கள், இந்தப் பணத்தைச் சண்டை போடப் போகிறவன் வாங்கிக்கொள்ளட்டும் என்கிறார். ஜூலியனுக்குக் கோபம், பயந்தாங்கொள்ளி என்று திட்டினார். அப்படியென்றால் நாளைக்கு ஆயுதம் இல்லாமல் படைக்கு முன்னால் நிற்கிறேன் என்று இவர் சொல்ல, சொன்னபடி நிறுத்தலாம் என்று சிறையில் போட்டார்கள். விடிந்ததும் எதிரிகள் சமாதானம் கேட்டு ஆள் அனுப்பிவிட்டார்கள். போனஸ் வரிசையில் தன் பெயர் வரும்வரை நின்று, பிறகு சொன்னாரே, அந்த நேரத்தேர்வுதான் எனக்கு வியப்பு. முன்னாலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு வம்பு வந்திருக்காது.

அடுத்த சில வருஷங்களை வேகமாக ஓட்டுகிறேன். புவாத்தியே நகர ஆயர் ஹிலாரியிடம் போனார். அவர் திருத்தொண்டர் (டீக்கன்) பட்டம் கொடுக்கப் பார்த்தார், இவர் தகுதியில்லை என்று மறுத்தார். பேயோட்டும் சின்னப் பதவி என்றால் மறுப்பதே கர்வம் போலத் தெரியும் என்று யோசித்து ஹிலாரி அதைக் கொடுத்துப் பிடித்துவிட்டார். அப்புறம் பெற்றோரைப் பார்க்க ஊருக்கு ஒரு பயணம், அம்மா கிறிஸ்தவரானார், அப்பா கடைசிவரை மாறவில்லை. கிறிஸ்து கடவுளுக்குச் சமமில்லை என்று சொன்ன ஆரியுஸ் கட்சி ஆட்களோடு மோதியதில் பொது இடத்தில் சாட்டையடி. மிலானில் துறவியாக இருக்கப் பார்த்தால் அங்கிருந்தும் துரத்தினார்கள். கல்லினாரியா என்ற சின்னத் தீவில் வேரும் கிழங்கும் தின்று வாழ்ந்தபோது விஷச் செடியைத் தின்று சாகும் நிலைக்குப் போய்ப் பிழைத்தார். நாடுகடத்தப்பட்டிருந்த ஹிலாரி 360-இல் திரும்பியதும் இவரும் வந்து, புவாத்தியேவுக்குப் பக்கத்தில் லிகூஜேயில் குடிசை போட்டு உட்கார்ந்தார். கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டின் முதல் துறவு மடம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். பத்து வருஷம் அங்கே நிம்மதி.

371-இல் தூர் நகரத்துக்கு ஆயர் வேண்டியிருந்தது. கூப்பிட்டால் வரமாட்டார் என்று ஊருக்கே தெரியும். ருஸ்தீசியுஸ் என்று ஒருவர், என் மனைவி சாகக் கிடக்கிறாள் ஐயா, நீங்கள் வந்தால்தான் ஆகும் என்று காலில் விழுந்தார். நோயாளி என்றால் இவர் மாட்டேன் என்று சொல்வாரா? கிளம்பினார். வழியெல்லாம் தூர் நகர மக்கள் ஒளிந்திருந்தார்கள், அப்படியே வளைத்து, காவல் போட்டு, கைதியைக் கொண்டுபோவது போல ஊருக்குள் கொண்டுபோனார்கள். (வாத்துக் கொட்டிலில் ஒளிந்துகொண்டார், வாத்துகள் கத்திக் காட்டிக்கொடுத்தன என்ற கதை பிற்காலத்தில் சேர்ந்தது. நல்ல கதை, ஆனால் செவேருஸிடம் இல்லை.) அங்கே வந்திருந்த ஆயர்களில் சிலருக்கு இவரைப் பிடிக்கவில்லை. காரணம் என்ன தெரியுமா? பார்க்கச் சகிக்காத ஆள், அழுக்கு உடை, சீவாத தலை, இவரா ஆயர்? அவர்களில் முன்னால் நின்று எதிர்த்தவர் பெயர் தெஃபென்சோர். கூட்ட நெரிசலில் அன்று வாசகம் வாசிக்க வேண்டியவர் உள்ளே வந்து சேர முடியவில்லை. குருக்கள் திணறிக்கொண்டிருக்கும்போது யாரோ சங்கீதப் புத்தகத்தை எடுத்து, பிரித்த பக்கத்தில் கண்ணில் பட்டதை வாசித்தார். எட்டாம் சங்கீதம். குழந்தைகளின் வாயால் நீர் புகழ்ச்சியை உண்டாக்கியது பகைவனையும் ‘தெஃபென்சோரை’யும் அழிக்கத்தான் என்று அந்தப் பழைய லத்தீன் மொழிபெயர்ப்பில் வரும். அவ்வளவுதான், கோயிலே அதிர்கிற மாதிரிக் கூச்சல். அந்த ஆயர் அந்த நேரத்தில் முகத்தை எங்கே வைத்துக்கொண்டார் என்று பார்க்க நான் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

ஆயர் ஆன பிறகும் கோயிலை ஒட்டிய சின்ன அறையில்தான் இருந்தார். பார்க்க வருகிறவர்கள் தொல்லை தாங்காமல் நகரத்திலிருந்து இரண்டு மைல் தள்ளிப் போய் மடம் அமைத்தார். இன்று மார்மூத்தியே என்கிறார்கள், பெரிய மடம் என்று பொருள். ஒரு பக்கம் செங்குத்தான பாறை, மறுபக்கம் லுவார் ஆறு வளைந்து போகிறது, உள்ளே வர ஒரே ஒரு ஒடுக்கமான வழி. மார்ட்டினுக்கு மரத்தால் ஓர் அறை, மற்றவர்கள் பலர் பாறையைக் குடைந்து இருந்தார்கள். சீடர்கள் எண்பது பேர். யாருக்கும் சொந்தமாக எதுவும் கிடையாது, வாங்குவது விற்பது கிடையாது. கைத்தொழில் என்று பார்த்தால் ஏடுகளைப் பிரதி எடுப்பது மட்டும், அதுவும் இளையவர்களுக்கு. பெரியவர்களுக்கு ஜெபம்தான் வேலை. நோய் வந்தால் ஒழிய திராட்சை மது இல்லை. பலருக்கு ஒட்டக முடித் துணி, மெல்லிய துணி உடுத்தினால் அது குற்றம். இவர்களில் பலர் பெரிய வீட்டுப் பிள்ளைகள் என்று செவேருஸ் சொல்லும்போது அவருடைய புருவம் உயர்வது தெரியும், அவரும் அந்த வகைதானே.

ஆமியன் கதையை விட எனக்குப் பிடித்த இன்னொரு துணிக்கதை இந்தக் காலத்தில் நடந்தது. ஆமியன் படத்துக்கு இருக்கும் புகழ் இதற்கு இல்லை. குளிர்காலம், ஆயர் கோயிலுக்குப் போகிறார், அரைகுறைத் துணியோடு ஒருவர் வந்து ஆடை கேட்கிறார். தலைமைத் திருத்தொண்டரைக் கூப்பிட்டு, இவருக்கு உடனே துணி கொடுங்கள் என்று சொல்லிவிட்டு ஆயர் பக்கத்து அறையில் போய்த் தனியாக உட்கார்கிறார். உட்காருவது எங்கே? வேலைக்காரர்கள் உட்காரும் மூன்று கால் முக்காலியில். மற்ற ஆயர்கள் மேடை போட்ட சிம்மாசனத்தில் உட்காருவார்கள், இவர் கோயிலுக்குள் நாற்காலியே போட்டுக்கொள்வதில்லை. திருத்தொண்டர் துணி கொடுக்காமல் இழுத்தடிக்கிறார். ஏழை பொறுக்க முடியாமல் அறைக்குள்ளேயே வந்து, குளிருது சாமி என்று அழுகிறார். மார்ட்டின் அவர் பார்க்காதபடி மேலாடைக்குள் இருந்த அங்கியை உருவி எடுத்து, அவருக்குப் போட்டு அனுப்பிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் திருத்தொண்டர் வருகிறார், ஜனங்கள் காத்திருக்கிறார்கள், பூசைக்கு வாருங்கள். முதலில் ஏழைக்குத் துணி வரட்டும், அது வராமல் நான் வரமுடியாது என்கிறார் ஆயர். திருத்தொண்டருக்கு ஒன்றும் புரியவில்லை, மேலாடை மூடியிருப்பதால் உள்ளே ஒன்றும் இல்லை என்பது தெரியவில்லை. அந்த ஏழையைத்தான் காணோமே என்கிறார். துணியைக் கொண்டுவாருங்கள், உடுத்த ஏழைக்கா பஞ்சம் என்கிறார் ஆயர். மனுஷருக்கு எரிச்சல் தலைக்கேறி, பக்கத்துக் கடைக்குப் போய் இருப்பதிலேயே மட்டமான, சொரசொரப்பான, குட்டைத் துணியை ஐந்து வெள்ளிக் காசுக்கு வாங்கிவந்து, இதோ துணி, ஏழையைத்தான் காணோம் என்று ஆயரின் காலடியில் வைத்தார். மார்ட்டின் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் வெளியே நில்லுங்கள் என்று அனுப்பிவிட்டு, அதை எடுத்து உள்ளே போட்டுக்கொண்டு பூசைக்குப் போனார். அன்று பூசையில் அவர் தலைமேல் நெருப்புப் பந்து தெரிந்தது என்று செவேருஸ் முடிக்கிறார். எனக்கு நெருப்புப் பந்து தேவைப்படவில்லை, அந்த ஐந்து காசுத் துணி போதும். வாலிபத்தில் பாதி கொடுத்தவர் வயதான பிறகு முழுதும் கொடுத்துவிட்டு, தனக்கே பிச்சை போடவைத்து உடுத்திக்கொள்கிறார்.

எனக்கு நெருடுகிற பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் போனால் நேர்மை இல்லை. கிராமம் கிராமமாகப் போய்ப் பழைய கோயில்களை இடித்தார், எரித்தார். லெவ்ரூ என்ற இடத்தில் ஊர்மக்கள் அடித்துத் துரத்தினார்கள், திரும்பி வந்து இடித்தார். செவேருஸுக்கு இதெல்லாம் வெற்றிக் கதைகள். அந்தக் கிராமத்துக்காரர்கள் தரப்பில் யாரும் எழுதி வைக்கவில்லை. ஒரு புனிதப் பைன் மரத்தை வெட்ட வந்தபோது மட்டும் அவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். நாங்களே வெட்டுகிறோம், அது விழும் இடத்தில் நீ நிற்கிறாயா? சம்மதித்தார், கட்டி நிறுத்தினார்கள். மரம் சாய்ந்து வரும்போது சிலுவை அடையாளம் போட்டாராம், அது திரும்பி மறுபக்கம் நின்றவர்களை நசுக்கப் பார்த்ததாம். நிபந்தனை போட்ட அந்த விவசாயிகளின் மூளையை நான் மெச்சுகிறேன்.

தன் பக்கத்து நம்பிக்கையையும் அவர் சும்மா விடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மடத்துக்குப் பக்கத்தில் வேதசாட்சி (விசுவாசத்துக்காக உயிர்விட்டவர்) ஒருவரின் கல்லறை என்று ஜனங்கள் கும்பிட்டு வந்தார்கள், பழைய ஆயர்கள் பீடமே வைத்திருந்தார்கள். மார்ட்டின் மூத்த குருக்களிடம், அவர் பெயர் என்ன, எப்போது கொல்லப்பட்டார் என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் கல்லறை மேல் நின்று ஜெபம் செய்ததில் ஆவி வந்து, நான் கொள்ளைக்காரன், குற்றத்துக்காகக் கொல்லப்பட்டவன் என்று ஒப்புக்கொண்டதாம். பீடத்தை எடுத்துவிட்டார். ஆவி வந்ததோ இல்லையோ, பெயர் என்ன வருஷம் என்ன என்று கேட்டாரே, அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி ட்ரியர், இன்றைய ஜெர்மனியில் இருக்கும் நகரம். மூன்றாவது இழுப்பு, இதில் கயிறு கண்ணுக்குத் தெரியாது.

மாக்சிமுஸ் 383-இல் பேரரசர் கிராசியனுக்கு எதிராகக் கிளம்பி ஆட்சியைப் பிடித்தவர், ட்ரியரில் அரண்மனை. மற்ற ஆயர்கள் அவரைச் சுற்றிச் சுற்றி வந்து முதுகு வளைத்தார்கள். மார்ட்டின் விருந்துக்கு அழைத்தும் ரொம்ப நாள் போகவில்லை. போன அன்று, பேரரசருக்கு நீட்டிய கிண்ணத்தை அவர் மரியாதைக்காக ஆயருக்குக் கொடுக்கச் சொன்னார், ஆயர் குடித்துவிட்டுத் தன் கையில் தருவார் என்று காத்திருந்தார். ஆயர் குடித்துவிட்டு, தன்னோடு வந்த குருவிடம் கொடுத்தார். அரசருக்கு மேல் குரு என்று காட்டிவிட்டார், சபை திகைத்தது.

அந்த நேரத்தில்தான் பிரிசில்லியன் வழக்கு. அவர் ஸ்பெயினில் ஆவிலா நகர ஆயர், கடும் துறவு போதித்தவர், தப்பறை (சபைக்கு மாறான போதனை) என்று ஆயர்களின் சங்கங்கள் கண்டித்தன. அவர் பேரரசரிடம் மேல்முறையீடு செய்ததால் வழக்கு ட்ரியருக்கு வந்தது, இத்தாசியுஸ் என்ற ஆயரே குற்றம் சாட்டுபவராக நின்றார். மார்ட்டினுக்குப் பிரிசில்லியனின் போதனையில் உடன்பாடு இல்லை. ஆனால் ரத்தம் சிந்தக்கூடாது, ஆயர்கள் தீர்ப்பளித்துச் சபையை விட்டு நீக்கினால் போதும், சபை விவகாரத்தை அரசு நீதிபதி தீர்ப்பது இதுவரை கேள்விப்படாத அநியாயம் என்று மாக்சிமுஸிடம் மன்றாடினார். அவர் ட்ரியரில் இருந்தவரை விசாரணை தள்ளிப்போனது. கிளம்பும்போது உயிருக்கு ஆபத்து வராது என்று வாக்கும் வாங்கினார். அவர் தலை மறைந்ததும் மற்ற ஆயர்கள் அரசரின் மனதை மாற்றினார்கள். 385 வாக்கில் மாந்திரீகக் குற்றம் சாட்டிப் பிரிசில்லியனையும் சிலரையும் கொன்றார்கள். கிறிஸ்தவ அரசு கிறிஸ்தவர்களையே தப்பறை விவகாரத்தில் கொன்ற முதல் சம்பவம் என்று இதைத்தான் சொல்வார்கள்.

மார்ட்டின் வேறொரு காரியத்துக்காக மறுபடி ட்ரியர் போகிறார். கிராசியனுக்கு விசுவாசமாக இருந்த இரண்டு அதிகாரிகளைக் காப்பாற்ற வேண்டும். போய்ப் பார்த்தால், ஸ்பெயினில் மீதிப் பேரைத் தேடிக் கொல்ல ஆயுதத்தோடு அதிகாரிகளை அனுப்ப ஏற்பாடு நடக்கிறது. யார் தப்பறைக்காரர் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்களாம்? வெளுத்த முகத்தையும் உடையையும் பார்த்து. விசுவாசத்தை யாரும் விசாரிக்கப் போவதில்லை. உபவாசம் இருந்து முகம் வெளுத்த எந்தத் துறவியும் மாட்டுவார் என்று அர்த்தம். அழுக்கு உடைக்காக ஒரு காலத்தில் ஆயர்களிடம் பேச்சு வாங்கியவருக்கு இது உறைத்திருக்கும்.

கொலைக்குத் துணைபோன ஆயர்களோடு நற்கருணையில் (பூசைத் திருவிருந்தில்) சேரமாட்டேன் என்று மறுத்தார். மிலானில் அம்புரோசும் அதையேதான் செய்தார். மாக்சிமுஸ் முதலில் நயமாகப் பேசினார், பிறகு கோபத்தில் எழுந்து போய், யாருக்காக இவர் பரிந்து பேச வந்தாரோ அவர்களைக் கொல்ல ஆள் அனுப்பினார். செய்தி வந்தபோது ராத்திரி. மார்ட்டின் அரண்மனைக்கு ஓடினார். அவர்களை விட்டுவிடுங்கள், ஸ்பெயினுக்குப் போனவர்களைத் திருப்பிக் கூப்பிடுங்கள், நான் சேர்கிறேன். அரசர் உடனே எல்லாவற்றுக்கும் சம்மதித்தார். மறுநாள் ட்ரியரின் புது ஆயர் பெலிக்சின் அபிஷேகம், அந்த ஆயர்களோடு சேர்ந்து நின்றார். சேர்ந்ததற்கு அத்தாட்சியாகக் கையெழுத்து மட்டும் போடவில்லை.

முன்பு வேலை பார்த்த இடத்தில், இரண்டு பேரின் வேலை போகாமல் இருக்க, எனக்குக் கொஞ்சமும் மரியாதை இல்லாத ஒருவருக்கு நடந்த பாராட்டு விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டியிருக்கிறேன். மார்ட்டினின் காரியத்துக்குப் பக்கத்தில் வைக்கக்கூட லாயக்கில்லாத சின்ன விஷயம். ஆனாலும் அந்தப் பேருந்துப் பயணம், வீடு வரும்வரை யாரோடும் பேசாமல் வந்தது ஞாபகம் இருக்கிறது, அதனால் அடுத்த பகுதியை நான் வேகமாகப் படிக்கவில்லை.

மறுநாளே கிளம்பினார். இன்றைய லக்சம்பர்க் பக்கம், அந்தெத்தன்னா என்ற கிராமத்துக்கு அருகில் பெரிய காடு. கூட வந்தவர்களை முன்னால் போகவிட்டு, இவர் பின்தங்கி உட்கார்ந்துவிட்டார். செய்தது சரியா தப்பா என்று தனக்குள்ளேயே குற்றம் சாட்டுகிறார், தானே வாதாடுகிறார். சம்மனசு வந்து, நீ வருந்துவது நியாயம்தான், ஆனால் உனக்கு வேறு வழி இருக்கவில்லை, மனதைத் தேற்றிக்கொள் என்கிறது. இதில் பாராட்டும் இல்லை, தண்டனையும் இல்லை. அதற்குப் பிறகு பேய் பிடித்தவர்களைக் குணமாக்க முன்பைவிட நேரம் பிடித்தபோதெல்லாம், ஒரு கணம் அந்தக் கூட்டத்தில் சேர்ந்ததால் என் சக்தி குறைந்துவிட்டது என்று கண்ணீரோடு சொல்வாராம். அதன்பின் பதினாறு வருஷம் வாழ்ந்தார், ஆயர்கள் கூடும் எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை என்கிறார் செவேருஸ். கணக்குப் போட்டால் பதினொன்று பன்னிரண்டு வருஷம்தான் வருகிறது. செவேருஸுக்குக் கணக்கு எப்போதுமே தகராறு, போகட்டும். தன் நாயகனின் சக்தி குறைந்தது என்று எழுத ஒரு ரசிகருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்.

கடைசிக் காலம் வீட்டுக்குள்ளேயும் அமைதி இல்லை. மடத்தில் இவர் வளர்த்த பிரீஸ் என்பவர் நேருக்கு நேர் வந்து கன்னாபின்னாவென்று திட்டிவிட்டுப் போவார். அவரைப் பதவியிலிருந்து நீக்கச் சொன்னவர்களிடம், கிறிஸ்து யூதாசைப் பொறுத்துக்கொண்டார், நான் பிரீஸைப் பொறுத்துக்கொள்ளக்கூடாதா என்றார். மார்ட்டினுக்குப் பிறகு தூர் ஆயர் ஆனவர் சாட்சாத் அந்த பிரீஸ்தான்.

397-இல், வியன் ஆறு லுவாரில் கலக்கும் காந்த் என்ற ஊரில் குருக்களுக்குள் சண்டை. தீர்த்துவைக்கப் போனார், தீர்த்தும் வைத்தார், திரும்பும்போது உடம்பு விழுந்துவிட்டது. எங்களை யாரிடம் விட்டுப்போகிறீர்கள் என்று சீடர்கள் அழுதார்கள். ஆண்டவரே, உம் மக்களுக்கு நான் இன்னும் தேவைப்பட்டால் உழைக்க மறுக்கவில்லை, உம் விருப்பப்படி ஆகட்டும் என்றார். போகவும் ஆசை, இருக்கவும் மறுப்பில்லை. வைக்கோல் போட்டுப் படுங்கள் என்றாலும் கேட்காமல் சாம்பல் மேல் கிடந்து, நவம்பர் 8-ஆம் தேதி இறந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னவர் தூர் நகரின் பிற்கால ஆயர் கிரகோரி. புவாத்தியேவிலிருந்து ஒரு கூட்டம், தூரிலிருந்து ஒரு கூட்டம், உடலுக்குச் சண்டை. எங்கள் ஊரில் துறவியாக இருந்தவர், உங்களுக்குக் கடன் கொடுத்தோம், இப்போது திருப்பிக் கொடுங்கள் என்கிறார்கள் புவாத்தியேக்காரர்கள். உங்கள் ஊரில் இருந்தபோது இரண்டு பேரை உயிர்ப்பித்தார், எங்கள் ஊரில் ஒருவரைத்தான், அந்தப் பாக்கியைச் செத்த பிறகாவது தீர்க்கட்டும் என்கிறார்கள் தூர்க்காரர்கள். பேசிப் பேசி இருட்டிவிட்டது. கதவைப் பூட்டி, நடுவில் உடலை வைத்து, இரண்டு பக்கமும் காவல் உட்கார்ந்தார்கள். நடு ராத்திரியில் புவாத்தியேக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் தூங்கிவிட்டார்கள். தூர்க்காரர்கள் உடலைத் தூக்கி ஜன்னல் வழியாக வெளியே நீட்ட, வெளியே நின்றவர்கள் வாங்கிக்கொண்டார்கள். படகில் ஏற்றி, வியன் ஆற்றில் இறங்கி, லுவாருக்குள் திரும்பி, சங்கீதம் பாடிக்கொண்டே ஊரைப் பார்த்துத் துடுப்புப் போட்டார்கள். 11-ஆம் தேதி அடக்கம், அந்த நாள்தான் இன்றுவரை அவருடைய திருவிழா. பாட்டுச் சத்தத்தில் விழித்த புவாத்தியேக்காரர்கள் பார்த்தபோது அறையில் ஜன்னல் மட்டும் திறந்து கிடந்தது.